மூணாம் நம்பர் பெட்

அத்தியாயம் 17

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டில், ஷேர் ஆட்டோவுக்குள், மாமியாரும் மருமகளும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த இடத்தில் போன வாரம் விட்டோம். ஏழு நாளாகவா கேட் திறக்கவில்லை என்று கேட்கக் கூடாது. அந்தக் கேட்டை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் காத்திருக்கிறவனுக்குத் தாடி முளைத்து, நரைத்தும் விடும்.

செப்டம்பர் மாதத்துக் காலை. பழவேற்காட்டு ஏரியிலிருந்து வந்த ஈரமும் உருக்காலைகளின் புகையும் பாதி வழியில் சந்தித்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்க டீக்கடை இருக்கிறதா, யாராவது நினைத்துக்கொண்டதா என்று சொல்ல முடியவில்லை. நோன்பு பன்னிரண்டாவது நாள். பழவேற்காட்டு மரியம் பீவிக்குத் தலை பஞ்சு போல லேசாக இருந்தது. வெள்ளைப் புடவை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தண்டவாளத்தில் ஓடுவது ரயிலா, மேகமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கிளாஸ்ல உங்களை எப்படிக் கூப்புடறது?" என்றாள் ஹுமைரா. மடியில் லேப்டாப், அதைப் பிறந்த குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஊட்ல மாமி. அங்க எல்லாரும் சிஸ்டர்னு கூப்புடறாங்க. நீயும் அப்படியே கூப்புடு."

"நீங்க என்னை?"

"மேடம்னு தான். சொல்லிக் குடுக்க வர்றவங்க மேடம் தானே."

"நீங்க மேடம்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

"வரட்டும். சிரிச்சா நோன்பு ஒண்ணும் முறியாது."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் மரியம் பீவியின் சிரிப்புக்கு அடியில் ஒரு கல் கிடந்தது. அதை ஆஸ்பத்திரிக்காரர்களும் நாமும் மட்டும் அறிவோம். வியாழக்கிழமையே டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்ல மருமகள் கொண்டுவரும் கம்ப்யூட்டர் பொட்டி சரியாக வேலை செய்தால், ஒண்ணாம் தேதியிலிருந்து அட்மிஷன் மேசையில் பொட்டி உட்காரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற நோயாளியைப் பார்த்து இவருக்கு இந்தப் பெட் என்று கைகாட்டிய ஹெட் சிஸ்டர் மரியம் பீவி, துணி ரூமுக்குப் போய்ப் போர்வை எண்ண வேண்டும். இந்தச் சேதி ஹுமைராவுக்குத் தெரியாது. மகன் ரஃபிக்கும் தெரியாது. சொன்னால் மருமகள் வகுப்பு எடுக்க மாட்டாள். எடுக்காவிட்டால் கிண்டியில் இருக்கும் அவள் கம்பெனி அவளைச் சும்மா விடாது. இந்த ஒரு ஆஸ்பத்திரியை நம்பித்தான் இரண்டு வருஷம் கணக்குப் போட்டு அந்தப் பொட்டியைச் செய்திருக்கிறாள்.

கேட் திறந்தது.

ஜகந்நாதன் நர்சிங் ஹோமில் இருபத்து நான்கு படுக்கை. டாக்டர் ஜகந்நாதன் திருவள்ளூர்க்காரர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் தாமாக ஓரங்கட்டும் என்பார்கள். சந்தோஷத்தில் பேசினால் ஆந்திராவுக்குள் நிற்கிற லாரிகளும் ஓரங்கட்டும்.

அன்றைக்கு அவர் சந்தோஷத்தில் இருந்தார்.

"எல்லாரும் மேலே வாங்கோ. ஞானம்மா, நீ மட்டும் கீழே இரு. மேசை மேலேயும் ஒரு பொட்டி வச்சாச்சு, யாராவது வந்தா விவரத்தை அதுலே போட்டுப் பாரு. அதுவே சொல்லிடும்."

ஞானம்மா நர்ஸாகி இரண்டு வருஷம் ஆகிறது. மரியம் பீவியின் நாற்காலியைப் பார்த்தாள். உட்காரத் தைரியம் வராமல், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

மேல் ஹாலில் ஜன்னல்களைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். சுவரில் புரொஜெக்டரின் நீல வெளிச்சம் விழுந்து, எட்டு நர்ஸும் மூன்று டாக்டரும் லேப் வீரராகவனும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மரியம் பீவிக்கு ஒரு நொடி, ஏரிக்கு அடியில் பள்ளிக்கூடம் நடக்கிறது என்றே தோன்றியது. மீன்களெல்லாம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கின்றன. சுவரருகே நிற்கிற மீன் தன் மருமகள்.

"இந்தப் பொட்டிக்குள்ள டாக்டர் யாரும் இல்ல," என்று ஹுமைரா தொடங்கினாள். "இதுக்கு வைத்தியமும் தெரியாது. அத முதல்ல மனசுல வச்சுக்குங்க. ரெண்டாயிரத்து மூணுலேர்ந்து போன வருஷம் வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில எழுதின பதினோராயிரம் கேஸ் ஷீட்ட டைப் பண்ணி இதுக்குக் குடுத்தோம். வயசு, பி.பி., நாடி, காய்ச்சல், எந்த பெட்டு, எந்த டாக்டரு, கடைசியில என்ன ஆச்சு, எல்லாம். இது இருந்தா ஆபத்து, அது இருந்தா ஆபத்தில்லன்னு யாரும் விதி சொல்லிக் குடுக்கல. திரும்பத் திரும்பப் பாத்து, தப்புப் பண்ணி, திருத்திக்கினு, அதுவே கண்டுபிடிச்சிக்குது."

"அது எப்படிம்மா அதுவே கண்டுபிடிக்கும்?" என்று லேப் வீரராகவன் கேட்டார்.

"எங்க ஊர்ல இறால் பிரிக்கிற ஷெட்டுக்குப் போயிருக்கீங்களா? புதுசா ஒரு பொண்ணு வந்து உக்காருவா. பெருசு எது, நடுத்தரம் எதுன்னு யாரும் பாடம் எடுக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்து பாப்பா. பத்தாயிரம் இறால் போனப்புறம் கை தானா பிரிக்கும். எப்படிடின்னு கேட்டா சொல்லத் தெரியாது. இதுவும் அப்படித்தான்."

ஹாலில் ஆவென்று எல்லோரும் தலையாட்டினார்கள். மரியம் பீவிக்கு அந்த ஷெட் அப்படியே கண்முன் வந்தது. ஐஸ் கட்டியின் ஆவி, விரல் நுனியின் மரத்துப்போன குளிர். சிறுமியாக அவள் அங்கே போய் உட்கார்ந்ததுண்டு. எழுந்து நின்றாள்.

"மேடம்."

ஹுமைராவின் உதட்டோரம் துடித்தது. சமாளித்துக்கொண்டாள். "சொல்லுங்க சிஸ்டர்."

"அந்தப் பொண்ணு இறாலப் பாத்துப் பிரிச்சாளா? இல்ல பக்கத்துல இருக்கிறவ கை எந்தக் கூடைக்குப் போவுதுன்னு பாத்துப் பிரிச்சாளா? எனக்கு ஏன் கேக்கத் தோணுதுன்னா, நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ரெண்டாவது தான் பண்ணேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் ஜகந்நாதன் சிரித்ததில் ஜன்னல் போர்வை ஒன்று அவிழ்ந்து விழுந்தது.

"நல்ல கேள்வி சிஸ்டர்," என்றாள் ஹுமைரா. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

பிறகு சோதனை. டாக்டர் தன் கையால் பழைய ஷீட் இருபதை உருவி எடுத்தார். இந்த வருஷத்து ஷீட்டுகள், பொட்டி பார்த்திராதவை. ஒவ்வொன்றாகப் போட, பொட்டி நூற்றுக்கு இத்தனை ஆபத்து என்று சொல்லும். ஐம்பதுக்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு. இருபதில் பத்தொன்பது சரி. செத்துப்போனவர்களையும் ஐ.சி.யு.வுக்கு அனுப்பப்பட்டவர்களையும் ஒருவர் விடாமல் சிவப்பில் பிடித்தது. வயிற்றுவலி, வாந்தி, சுளுக்கு, ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை.

"பாத்தேளா? இதுக்குக் காபி வேண்டாம், லீவு வேண்டாம். ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டாம்மா, டீ குடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

எல்லோரும் டீக்கும் சமோசாவுக்கும் எழுந்தார்கள். சமோசா வாசனை ஹாலைச் சுற்றி ஒரு வலம் வந்தது. நோன்பு வைத்திருந்த இருவர் மட்டும் மிஞ்சினார்கள். ஹுமைரா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முகம் விளக்கேற்றியது போலிருந்தது.

"எப்படி இருந்துச்சு மாமி?"

"நல்லா சொல்லிக் குடுத்த புள்ள," என்றாள் மரியம் பீவி. மனதாரத்தான் சொன்னாள். பிறகு, பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும் பழக்கத்தில், வார்டை ஒரு சுற்றுப் பார்த்துவரக் கீழே இறங்கினாள்.

ஏழாம் நம்பர் பெட்டில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. ஆதிநாராயணன், லாரி டிரைவர், நாற்பத்து நான்கு வயது. எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் வண்டியை விட்டுவிட்டு, கிளீனரோடு ஆட்டோ ஏறி வந்தவர்.

"ஒண்ணுமில்லம்மா, நெஞ்சுல கேஸு வலி. சூளூர்ப்பேட்டைல மசால்வடை துன்னேன், அதான். ஒரு ஊசி போட்டு உடுங்க. லோடு நிக்குது, ஓனர் நைனா பேஜார் பண்ணுவாரு."

ஸ்டூலிலிருந்து ஞானம்மா குரல் கொடுத்தாள். "ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்தேன் சிஸ்டர், சரியா இருக்கு. பி.பி.யும் பரவால்ல. பொட்டியில போட்டேன், பன்னெண்டுன்னு பச்சை காட்டுச்சி. கேஸுக்கு மாத்திரை குடுத்து அனுப்பிடலாம்ல?"

மரியம் பீவி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள், எதைப் பார்த்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது. மேலுதட்டில் நாலைந்து துளி வேர்வை இருந்தது. ஆனால் அந்த வார்டில் எல்லோருக்கும் வேர்க்கும். அவர் சிரித்துக்கொண்டே பேசினார். கண்கள் அந்தச் சிரிப்போடு வரவில்லை. ஏரிக்கரையில் கயிறு அவிழ்ந்த படகு இப்படித்தான் இருக்கும். கரையை ஒட்டியேதான் நிற்கும், ஆடாது, அசையாது. ஆனால் பார்க்கிறவளுக்குத் தெரிந்துவிடும், அது இப்போது கரையைச் சேர்ந்தது இல்லையென்று.

"மூணு காலியா?"

"காலி தான் சிஸ்டர்."

"இவரை மூணுக்கு மாத்து. இன்னொரு ஈ.சி.ஜி. எடு."

"இப்பதானே எடுத்தேன்."

"எடு."

ஆதிநாராயணன் முனகிக்கொண்டே நடந்துபோய் மூணாம் நம்பர் பெட்டில் படுத்தார். ஞானம்மா ஒழுங்கான பெண். பெட் மாற்றினால் பொட்டியிலும் மாற்ற வேண்டும் என்று ஹுமைரா சொல்லியிருந்தாள். ஏழை அழித்து மூன்று என்று தட்டினாள்.

திரை சிவப்பாக எரிந்தது. தொண்ணூற்றொன்று.

ஞானம்மா போட்ட சத்தத்தில் மேலே சமோசா கடித்துக்கொண்டிருந்த பதினோரு பேரும் கடித்தது கடித்தபடி இறங்கி வந்தார்கள். அதற்குள் இரண்டாவது ஈ.சி.ஜி. காகிதம் நீண்டு வந்தது. அதில் அலைகள் மாறியிருந்தன. டாக்டர் ஜகந்நாதன் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமோசாவை வீரராகவன் கையில் திணித்தார். "ஹார்ட் அட்டாக். ரத்தக் கட்டியைக் கரைக்கற இன்ஜெக்ஷனை எடு. ஆக்சிஜன் போடு. சீக்கிரம்."

அடுத்த முக்கால் மணி நேரம் ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மரியம் பீவி ஆதிநாராயணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்து ஏற ஏற, வெளுத்துப் போயிருந்த அவர் உதட்டில் மெல்ல ரத்தம் ஊறியது. தண்ணீர் ஏறும்போது ஏரி நிறம் மாறுமே, அது போல.

"வலி போய்டுச்சிம்மா," என்றார். "லோடு?"

"லோடு எங்கியும் ஓடிடாது. கண்ண மூடிப் படு நைனா."

டாக்டர் நிமிர்ந்தார். "மெஷின் புடிச்சுடுத்து பாத்தேளா? ஈ.சி.ஜி.யிலே தெரியறதுக்கு முன்னாடியே தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லிடுத்து." கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். வார்டில் படுத்திருந்த நோயாளிகளும் தட்டினார்கள். சலைன் ஏறிக்கொண்டிருந்தவர் ஒரு கையால் தொடையில் தட்டினார். "பத்திரம் எங்கேம்மா?"

ஹுமைரா அட்மிஷன் மேசையருகே நின்று இரண்டு காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாற்பதுக்கு அச்சான பச்சை. பத்து ஐம்பத்திரண்டுக்கு அச்சான சிவப்பு. அதே வயது, அதே பி.பி., அதே நாடி. இரண்டாவது ஈ.சி.ஜி.யை ஞானம்மா இன்னும் பொட்டியில் ஏற்றக்கூட இல்லை. ஒரே ஒரு எண்தான் மாறியிருந்தது, பெட் நம்பர்.

மரியம் பீவியும் அந்தக் காகிதங்களைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதே விளங்கிவிட்டது.

ஹுமைரா அருகே வந்தாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. "மாமி, மூணாம் பெட்டு யாருக்குக் குடுப்பீங்க?"

இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. உண்மையைச் சொன்னால் மரியம் பீவியின் நாற்காலி மரியம் பீவிக்கே. ஆனால் இந்தப் பிள்ளையின் இரண்டு வருஷம்? இத்தனை டாக்டர்கள் முன்னால் நம் வீட்டுப் பெண்ணின் முகம் சுருங்கிப்போகுமே. மரியம் பீவியின் கண்முன் துணி ரூம் வந்து நின்றது. வெள்ளைப் போர்வைகள் பாய்மரம் போல உப்பி நிற்க, நடுவில் அவள் தனியாக எங்கேயோ மிதந்துபோய்க்கொண்டிருக்கிறாள். போனால் போகட்டும். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

"காலியா இருந்தா யாருக்கும் குடுப்பேன்," என்றாள்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் கஞ்சி குடிக்கிறவள். மாமியார் பொய் சொல்லும்போது முந்தானையைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டுக்கொள்வாள் என்பது தெரியாதா?

ஹுமைரா திரும்பினாள். "சார், கையெழுத்துப் போடாதீங்க. உங்க பி.பி. எவ்ளோ?"

"என்னோடதா? நூத்தி இருவது, எண்பது. முப்பது வருஷமா அப்படியே இருக்கு."

"வயசு?"

"அம்பத்தெட்டு. ஏம்மா?"

"நாடி எழுபத்தி ரெண்டுன்னு வச்சுக்கறேன். ஏழாம் நம்பர் பெட்டுல படுத்திருக்கீங்க, ஒரு பேச்சுக்கு." தட்டினாள். பச்சை, எட்டு. டாக்டர் பெருமையோடு எல்லோரையும் பார்த்தார். "இப்ப எழுந்து மூணுக்குப் போறீங்க."

சிவப்பு. எண்பத்தொன்பது.

டாக்டர் ஜகந்நாதனின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. "எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். மூணாம் நம்பர் பெட்டுல படுத்துட்டீங்க, அவ்ளோதான்."

ஞானம்மா சிரித்துவிட்டாள். பிறகு வீரராகவன். பிறகு எல்லோரும். மூணாம் பெட்டிலிருந்து ஆதிநாராயணன் தலையைத் தூக்கி, "அப்ப இன்னா, நானும் ஒண்ணுமில்லாம தான் படுத்துக்கினு கீறனா?" என்று கேட்டார்.

"நீ படு," என்றாள் மரியம் பீவி. அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. இவர் பெயருக்கு எதிரே பச்சை எரிந்தது நிஜம். சமோசா சாப்பிடப் போகாத ஒருத்தி அந்தப் பக்கம் நடந்ததால் இவர் இங்கே இருக்கிறார். நாளைக்கு அவள் துணி ரூமில் இருப்பாள். மருமகளுக்காகச் சொன்ன பொய்யில் எத்தனை பேர் கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு லாரி ஏறுவார்கள்?

முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"மூணாம் பெட்ட யாருக்கும் குடுப்பேன்னு நான் இவளாண்ட சொன்னது பொய் சார். மூணு ஆக்சிஜன் பக்கத்துல இருக்கு, என் மேசைக்கும் பக்கம். யாரப் பாத்தா எனக்கு மனசு ஒரு மாதிரியா ஆவுதோ அவங்கள அங்க படுக்க வைப்பேன். டாக்டருங்க பாக்கறதுக்கு முன்னாடியே. ஏன்னு ஷீட்டுல எழுத மாட்டேன். மனசு ஒரு மாதிரியா இருந்துச்சின்னு எந்தக் காலத்துல எழுதுறது?"

"பதினோராயிரம் ஷீட்டு சார்," என்றாள் ஹுமைரா. "இது நோயாளியப் பாத்துக் கத்துக்கல. மாமி எங்க கை காட்டினாங்கன்னு பாத்துக் கத்துக்கிச்சி. நீங்க உருவின இருவது ஷீட்டும் மாமி பெட்டு போட்டது தான். அதான் பத்தொன்பது சரி. காலைல சிஸ்டர் இதத்தான் கேட்டாங்க. நான் நல்ல கேள்வின்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போய்ட்டேன். உங்களுக்கெல்லாம் பாடமா சொல்லிக் குடுக்க வேண்டியது அந்த ஒரு கேள்வி தான். இது பச்சை காட்டினா, எதப் பாத்துப் பச்சை காட்டுதுன்னு கேக்கணும். கேக்காம யாரும் எழுந்து டீ குடிக்கப் போகக் கூடாது."

வகுப்பு தொடங்கியதிலிருந்து இப்போதுதான் எல்லோரும் நோட்டில் எழுதினார்கள்.

"அப்போ இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" டாக்டரின் குரல் முதன்முதலாகச் சாதாரண மனிதர் குரலாக இருந்தது.

"வேணாம் சார். பெட் நம்பர எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து படிக்க வைக்கணும். ரொம்ப நாள் மக்கு மாதிரி இருக்கும். பக்கத்துல மாமி உக்காந்து, இது தப்பு, இது சரின்னு சொல்லிக்கினே இருக்கணும்."

"சிஸ்டரத் தான் துணி ரூமுக்கு அனுப்பப் போறாங்களே," என்று ஞானம்மா சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹுமைரா மாமியார் பக்கம் திரும்பினாள். "எத்தினி நாளா தெரியும்?"

"வியாழக்கிழமைலேர்ந்து."

"என்னாண்ட சொல்லல."

"சொன்னா நீ கிளாஸ் எடுத்திருப்பியா?"

"நோன்பு வச்சுக்கினு பொய் வேற."

"அதுக்கு நான் அல்லாவாண்ட பேசிக்கறேன். உன் கம்பெனிக்காரனாண்ட நீ இன்னா பேசப் போற, அதச் சொல்லு."

ஹுமைரா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அவள் கண் டாக்டர் மேல் விழுந்தது. ஜகந்நாதன் அட்மிஷன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இந்தத் தடவை பயம் அவருக்காக இல்லை.

"வரத்," என்றார்.

வரத் அவர் மகன். திருவள்ளூரில் அப்பா வைத்துக் கொடுத்த சின்ன கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர். "போன மாசம் நீ டெஸ்ட் பண்ணக் குடுத்த இந்தப் பொட்டியோட சி.டி. இருந்ததே. அவன் அதை எடுத்துண்டு போனான். இருபது நாளா அங்கே ஓடிண்டு இருக்கு."

"கிளாஸ் எடுக்காமயா? நான் யாரையும் அங்க அனுப்பலயே."

"அவனுக்குக் கிளாஸ் வேண்டாமாம்."

போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். வரத்தின் குரல் உற்சாகமாக வந்தது. "அப்பா, பிரமாதமான மெஷின்பா. தினம் ஒருத்தரைச் சிவப்புல புடிக்கறது. ஒரு ஆச்சரியம் என்னன்னா, தினமும் மூணாவதா வர்றவர்தான். அட்மிட் பண்ணி எல்லா டெஸ்டும் பண்ணிடறோம். ஒண்ணும் இல்லேன்னுதான் வருது, ஆனா ஜாக்கிரதை நல்லதுதானே. ஜனங்களுக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. ரெண்டாம் டோக்கன் கொடுத்த உடனே வாசல்ல ஒருத்தர் நிக்கறதில்லை, தெருக்கோடி வரைக்கும் போய் ஒளிஞ்சுக்கறா."

ஹுமைரா போன் பக்கம் குனிந்தாள். "சார், பெட் நம்பர்ங்கற கட்டத்துல இன்னா போடறீங்க?"

"ஓ.பி.யில பெட் ஏதும்மா? டோக்கன் நம்பரைப் போடறோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே புகையும் மேகமும் சேர்ந்து வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன.

"மத்தவா?" என்றார் ஜகந்நாதன். "நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்னு வந்து, பச்சை காட்டித்துன்னு நீ வீட்டுக்கு அனுப்பினவா எத்தனை பேர்?"

"ஈ.சி.ஜி.யும் சரியா இருந்ததுப்பா, பச்சையும் இருந்தது, அதனாலதான்..." குரலில் இருந்த உற்சாகம் வழியிலேயே இறங்கிக்கொண்டது. தாள் புரளும் சத்தம். வெகுநேரம் புரண்டது. "நாப்பத்தொண்ணு."

மரியம் பீவி தன் நாற்காலியருகே போனாள். டாக்டர் அவசரமாக, "உக்காருங்கோ சிஸ்டர், இது உங்க எடம், யாரும் எடுக்க மாட்டா," என்றார். அவள் நாற்காலியை இழுத்து ஞானம்மா பக்கம் தள்ளினாள்.

"நீ உக்காரு. ஸ்டூல்ல உக்காந்தா வாசல் தெரியாது. வர்றவங்கள வாசல்லேர்ந்தே பாரு. பொட்டிய அப்புறம் பாரு. டிரைவர அரை மணிக்கு ஒருதரம் பாத்துக்கினே இரு."

"நீங்க எங்க சிஸ்டர்?"

"திருவள்ளூருக்கு. புள்ள, ரஃபிக்குப் போனப் போடு. லாரி ஆபீஸ் வேனை எடுத்துக்கினு வரச் சொல்லு. ரயில்ல போனா பேசின்பிரிட்ஜ் சுத்திக்கினு போய்ச் சேர நாளாயிடும்."

ரஃபி பதினைந்து நிமிஷத்தில் வந்தான். அவன் வேலை பார்க்கும் எளாவூர் லாரி ஆபீஸிலிருந்து அந்த நேரத்தில் வர ஹெலிகாப்டராலும் முடியாது. எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. வேன் கிளம்பும்போது டாக்டர் ஜகந்நாதனும் ஏறிக்கொண்டார். ஈ.சி.ஜி. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவன் போல மூலையில் உட்கார்ந்தார்.

போனில் வரத் பெயர்களை வாசித்தார். ஹுமைரா வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள். முதல் பெயர் சுப்பராயன். நம்பர் இருந்தது. மரியம் பீவி தன் போனிலிருந்து போட்டாள். மணி அடித்தது, அடித்தது, ஒரு பெண் எடுத்தாள்.

"அவுரா? மாட்டக் கழுவிக்கினு கீறாரு. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. அவரக் கொஞ்சம் உக்காரச் சொல்லு. நாங்க அங்க தான் வந்துகினு கீறோம்."

போனை வைத்தாள். ஹுமைரா முதல் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு கோடு போட்டாள். இரண்டாவது பெயர் முத்தம்மா, நாற்பத்தெட்டு வயது. போன் கிடையாது. விலாசம் இருக்க வேண்டிய இடத்தில், பெரியபாளையம் ரோடு, செங்கல் சூளைக்குப் பின்னாடி என்று மட்டும் இருந்தது.

"அந்த ரோட்டுல நாலு சூளை இருக்கு," என்றான் ரஃபி.

"நாலையும் பாப்போம்," என்றாள் மரியம் பீவி.

வேன் புகைமூட்டத்துக்குள் நுழைந்தது. முன்னால் ரோடு இருப்பதாக நம்பித்தான் ரஃபி ஓட்டினான். ஹுமைரா அடுத்த பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் மாமியாரின் கை இருந்தது. அது எப்போது வந்து உட்கார்ந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை.